டிராப்பர் போஸ்ட் வாங்குவதற்கு முன் அளவுநாடாவை எடுங்கள்

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு ஒரே இருக்கை இரண்டு உயரங்களில் தேவைப்படுகிறது. மேட்டில் ஏறும்போது, பெடல் அடிப்புள்ளிக்கு வருகையில் கால் ஏறக்குறைய முழுவதும் நீளும் அளவுக்கு இருக்கை உயர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தொடைகள் சீக்கிரம் சோர்ந்துவிடும், நாளடைவில் முழங்காலும் வலிக்கத் தொடங்கும். அதே உயரத்தில் இருக்கையை விட்டுவிட்டுச் சரிவில் இறங்கினாலோ, இடுப்பைத் தாழ்த்தவும் பின்னுக்குக் கொண்டுபோகவும் இடமிருக்காது. வேரிலும் பாறைப் படியிலும் பின்சக்கரம் எகிறும் ஒவ்வொரு முறையும் இருக்கை உடலை முன்னோக்கித் தள்ளும். ஹேண்டில்பாரில் உள்ள சிறிய லீவரைக் கட்டைவிரலால் அழுத்தி, ஓடிக்கொண்டிருக்கும்போதே இருக்கையை இறக்கவும் ஏற்றவும் உதவும் சீட் போஸ்ட்டுக்கு (இருக்கையைத் தாங்கும் குழாய்க்கு) டிராப்பர் போஸ்ட் என்று பெயர். பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத என்னுடைய ஸ்டீல் ஹார்ட்டெயில் சைக்கிளுக்கு அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்து நானே பொருத்தினேன். இணையக் கடைகள் விலை, எடை, டிராவல் (இருக்கை எவ்வளவு தூரம் இறங்கும் என்ற அளவு) ஆகிய மூன்றையும் பெரிய எழுத்தில் போடுகின்றன. அந்தப் போஸ்ட் உங்கள் ஃபிரேமுக்குள் உட்காருமா என்பதைத் தீர்மானிக்கும் எண்களைப் பக்கத்தின் அடியில் வைத்துவிடுகின்றன. என் கருத்தில் வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

நான் ஓட்டுவது லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள சர்ரே குன்றுகளில். அங்கே மிக உயரமான லீத் ஹில் 294 மீட்டர்தான். ஹோம்பரி ஹில் 261 மீட்டர், பிட்ச் ஹில் 257 மீட்டர். எண்களைப் பார்த்தால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் பீஸ்லேக் கிராமத்திலிருந்து ஹோம்பரி ஹில்லில் ஏறி, 'பார்ரி நோஸ் பெஸ்ட்' பாதையிலோ 'யோகர்ட் பாட்ஸ்' பாதையிலோ இறங்கி, மறுபடியும் ஏறுகிறவர்களுக்கு இந்த இடத்தின் குணம் தெரியும்: நீண்ட ஏற்றமும் இல்லை, நீண்ட இறக்கமும் இல்லை, இரண்டும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். ஆல்ப்ஸ் போன்ற இடங்களில் உச்சியில் ஒருமுறை நின்று இருக்கையைத் தாழ்த்திக்கொண்டால் வெகுநேரம் இறங்கலாம். இங்கே அப்படி நின்றால் நாள் முழுவதும் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். டிராப்பர் போஸ்ட் உயர்ந்த மலைகளுக்கான பொருள் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குட்டையான, முறிந்து முறிந்து செல்லும் குன்றுகளில்தான் அதன் பயன் மிக அதிகம்.

ஓட்டத்தை நிறுத்தாமல் இருக்கையை இறக்கும் ஆசை மலைச்சைக்கிளின் தொடக்கக் காலத்திலேயே பிறந்துவிட்டது. கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் மலைச்சைக்கிளை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ், ஜோஷ் ஏஞ்சல் என்பவருடன் சேர்ந்து, 1980களின் நடுவில் ஹைட்-ரைட் என்ற எளிய ஸ்பிரிங்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். போஸ்ட்டை ஃபிரேமில் இறுக்கிப் பிடிக்கும் வளையமான சீட் கிளாம்ப்பின் குவிக்-ரிலீஸ் நெம்புகோலை ஒரு கையால் திறந்து உடல் எடையால் அழுத்தினால் இருக்கை இறங்கும், எடையை எடுத்தால் ஸ்பிரிங் அதை மேலே தூக்கும். லீவரும் கேபிளும் கொண்ட போஸ்ட்டுகள் 2000களில் வந்தன. 2010இல் ராக்ஷாக்ஸ் நிறுவனம் ரெவெர்ப் போஸ்ட்டை வெளியிட்ட பிறகு இது ஒரு சிலரின் தனிப்பொருளாக இல்லாமல் கடைச் சைக்கிள்களிலேயே வரத் தொடங்கியது. 2012இல் ஸ்ராம் நிறுவனம் கொண்டுவந்த, பெடல் பக்கத்தில் ஒரே பல்சக்கரம் உள்ள ஒற்றைச் செயின்ரிங் கியர் அமைப்புக்கும் இதில் பங்கு உண்டு என்று நான் கருதுகிறேன், ஏனென்றால் முன்பக்கக் கியர் லீவர் போனதும் இடது கட்டைவிரலுக்கு வேலையில்லாமல் போயிற்று. டிராப்பர் லீவர் சரியாக அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. சாலைப் பந்தயக்காரர்கள்கூட இதை ஒதுக்க முடியவில்லை: 2022 மார்ச்சில் ஸ்லோவேனியாவின் மாதேய் மோஹோரிச் தன் சாலைச் சைக்கிளில் டிராப்பர் போஸ்ட்டைப் பொருத்திக்கொண்டு, போஜ்ஜியோ இறக்கத்தில் மற்றவர்களைப் பின்தள்ளி மிலான்–சான் ரெமோ பந்தயத்தை வென்றார்.

உள்ளே நடப்பது என்ன என்பதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் பல எச்சரிக்கைகளுக்குக் காரணம் புரியும். பெரும்பாலான போஸ்ட்டுகளுக்குள் அழுத்தப்பட்ட வாயுவும் எண்ணெயும் அடைத்த ஒரு கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. அலுவலக நாற்காலியை ஏற்றி இறக்கும் உருளையும் இதே வகையைச் சேர்ந்ததுதான். எண்ணெய் அழுத்தத்துக்குச் சுருங்காது என்பதால், வால்வு மூடியிருக்கும்வரை இருக்கை எந்த உயரத்தில் நிற்கிறதோ அங்கேயே உறுதியாக நிற்கும். லீவரை அழுத்தினால் வால்வு திறந்து எண்ணெய் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போக வழி கிடைக்கும். அப்போது நம் எடை இருக்கையை இறக்கும், எடை இல்லையென்றால் வாயுவின் அழுத்தம் அதை ஏற்றும். மேல்குழாய் கீழ்க்குழாய்க்குள் வழுக்கிச் செல்ல புஷ்ஷிங்குகளும், இருக்கை பக்கவாட்டில் திரும்பாமல் இருக்கச் சிறிய பித்தளைச் சாவிகளும், மண்ணைத் தடுக்க மேலே ஒரு ரப்பர் சீலும் இருக்கின்றன. இருக்கையின் மூக்கைப் பிடித்து ஆட்டினால் இலேசாக அசைவது இந்தச் சாவிகளின் இடைவெளியால்தான், அது பழுதன்று.

தேர்வில் முதல் எண் போஸ்ட்டின் விட்டம். இப்போதைய மலைச்சைக்கிள்களில் 30.9, 31.6, 34.9 மி.மீ. ஆகியவை வழக்கம், பழைய ஃபிரேம்களிலும் சில மெல்லிய ஸ்டீல் ஃபிரேம்களிலும் 27.2 மி.மீ. இருக்கும். பழைய சீட் போஸ்ட்டை வெளியே எடுத்தால் அதன் அடிப்பகுதியில் எண் பொறிக்கப்பட்டிருக்கும், அதுவே போதும். ஃபிரேம் 31.6 ஆக இருந்து கையில் கிடைப்பது 30.9 போஸ்ட்டாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் மெல்லிய அலுமினிய உறையான ஷிம் போட்டுப் பொருத்தலாம். பெரிய போஸ்ட்டைச் சிறிய ஃபிரேமில் பொருத்த வழியே இல்லை. அதனால், ஒரு போஸ்ட்டைப் பல ஆண்டுகள் சைக்கிள் மாற்றி மாற்றிப் பயன்படுத்த நினைப்பவருக்கு 30.9 நல்ல தேர்வு. 27.2 விட்டத்துக்குள் கார்ட்ரிட்ஜுக்கு இடம் குறைவு என்பதால் தேர்வுகளும் குறைவு, கிடைக்கும் டிராவலும் குறைவு.

அடுத்து வருவதுதான் இந்த வேலையின் இதயம். எத்தனை மி.மீ. டிராவல் வேண்டும் என்ற கேள்விக்கு நம் விருப்பம் விடை சொல்ல முடியாது. போஸ்ட் செருகப்படும் ஃபிரேம் குழாயான சீட் ட்யூபும் நம் கால் நீளமும் சேர்ந்துதான் சொல்லும். முதலில் இருக்கையை நீங்கள் ஏற்றத்தில் வைத்து ஓட்டும் உயரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு சீட் கிளாம்ப்பின் மேல்விளிம்பிலிருந்து இருக்கையின் இரும்புக் கம்பிகளின் நடுப்பகுதிவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். டிராப்பர் போஸ்ட்டில் ஃபிரேமுக்குள் போக முடியாத பகுதி எல்லாம் இந்த இடைவெளிக்குள் அடங்கியாக வேண்டும். அந்தப் பகுதியில் இரண்டு துண்டுகள் உண்டு: ஒன்று டிராவல், மற்றொன்று, போஸ்ட் முழுவதும் இறங்கிய நிலையில் அதன் காலரின் (கீழ்க்குழாயின் மேல்முனையில் உள்ள தடித்த வளையத்தின்) அடிவிளிம்பிலிருந்து இருக்கைக் கம்பிவரை எஞ்சும் உயரம். பின்னதை ஸ்டாக் உயரம் என்பார்கள். டிராவலும் ஸ்டாக் உயரமும் சேர்ந்து நீங்கள் அளந்த இடைவெளியைவிடக் கூடினால், போஸ்ட்டை அடிவரை செருகினாலும் இருக்கை உங்களுக்கு உயரமாகவே நிற்கும்.

என்னுடைய எண்களையே எடுத்துக்கொள்வோம். என் உட்கால் நீளம் 76 செ.மீ.; இங்குள்ள கடைகளில் நிற்கும் சைக்கிள்கள் பலவும் என்னைவிட நீண்ட கால்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஃபிரேமின் சீட் ட்யூப் 420 மி.மீ.; கிளாம்ப்புக்கு மேலே இருக்கைக் கம்பிவரை எனக்குக் கிடைத்த இடைவெளி 195 மி.மீ. இதில் 150 மி.மீ. டிராவலும் 40 மி.மீ. ஸ்டாக் உயரமும் கொண்ட போஸ்ட் 190 மி.மீ. எடுத்துக்கொண்டு, 5 மி.மீ. மிச்சம் வைத்து உட்காரும். அதே 150 மி.மீ. டிராவல், ஆனால் 52 மி.மீ. ஸ்டாக் உயரம் என்றால் மொத்தம் 202 மி.மீ.; இருக்கை 7 மி.மீ. உயரமாக நின்றுவிடும், அதைச் சரிசெய்ய வழியில்லை. விலைப்பட்டியலில் இரண்டுமே '150 மி.மீ. போஸ்ட்' என்றுதான் இருக்கும். கால் நீளம் குறைந்தவர்கள் போஸ்ட்டின் எடையில் 50 கிராம் குறைப்பதைப் பற்றிக் கவலைப்படுவதைவிட ஸ்டாக் உயரத்தில் 10 மி.மீ. குறைப்பதைப் பற்றிக் கவலைப்படுவது மேல், ஏனென்றால் அந்த 10 மி.மீ. அடுத்த பெரிய டிராவலுக்கான கதவைத் திறக்கக்கூடும். சில போஸ்ட்டுகளில் டிராவலைச் சற்றுக் குறைத்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, கனடாவின் ஒன்அப் நிறுவனம் தன் கேபிள் போஸ்ட்டுகளில் சிறிய துண்டுகளை உள்ளே செருகி 10 அல்லது 20 மி.மீ. குறைக்க அனுமதிக்கிறது. ஒரு சில மி.மீ. வித்தியாசத்தில் பெரிய போஸ்ட்டை இழக்கிறவர்களுக்கு இது உண்மையான உதவி.

மேலே இடம் இருந்தால் மட்டும் போதாது, கீழேயும் இருக்க வேண்டும். சீட் ட்யூப் வெளியே பார்க்க நேராக இருந்தாலும் உள்ளே எதுவரை தடையில்லாமல் இருக்கிறது என்பது வேறு விஷயம். முழு சஸ்பென்ஷன் சைக்கிள்களில் ட்யூப் நடுவில் வளைந்திருக்கலாம் அல்லது சஸ்பென்ஷன் அசையும் மூட்டான பிவட் குறுக்கே போகலாம். ஹார்ட்டெயில்களில் தண்ணீர்க் குப்பித் தாங்கியின் போல்ட்டுகள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். மெல்லிய குச்சியை விட்டு அளந்தால் அது போல்ட்டைத் தாண்டி நழுவிப் போய்த் தவறான நம்பிக்கையைக் கொடுத்துவிடும். அதே விட்டமுள்ள பழைய நேரான சீட் போஸ்ட்டைச் செருகி, முட்டும் இடத்தில் அடையாளம் போட்டு அளப்பதே நம்பகமான முறை. என் ஃபிரேமில் 245 மி.மீ. கிடைத்தது. நீளமான குப்பித்தாங்கிப் போல்ட்டுகளைக் கழற்றிக் குட்டையானவற்றைப் போட்டால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். போஸ்ட்டின் அடியில் ஆக்சுவேட்டர் என்ற இழுவைப் பகுதி தொங்கும், அதற்கும் கீழே கேபிள் ஹவுசிங் (கேபிளை மூடியிருக்கும் உறைக்குழாய்) வளைந்து திரும்ப ஏறக்குறைய 25 மி.மீ. வேண்டும். மொத்த நீளத்தைச் சில நிறுவனங்கள் ஆக்சுவேட்டரைச் சேர்த்துச் சொல்கின்றன, சில சேர்க்காமல் சொல்கின்றன. ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல், அவர்களுடைய வரைபடத்தில் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். மறுதிசையில், போஸ்ட்டில் பொறித்திருக்கும் குறைந்தபட்சச் செருகல் கோடு எப்போதும் ஃபிரேமுக்குள் மறைந்திருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. நெடிய மனிதர்கள் குட்டை ஃபிரேமில் ஓட்டும்போது இதுவே அவர்களுக்கு எல்லையாகிறது.

கேபிள் எந்த வழியாகப் போகும் என்பது உங்கள் ஃபிரேம் எடுத்துவிட்ட முடிவு. சீட் ட்யூபின் அடிவழியாகக் கேபிள் உள்ளே நுழையத் துளை இருந்தால் உள்வழிப் போஸ்ட். இல்லையென்றால் வெளிவழிப் போஸ்ட். வெளிவழியிலும் இரண்டு வகை உண்டு. இருக்கைக்கு அடியிலேயே கேபிள் இணையும் பழைய வகையில், இருக்கை இறங்கும்போது கேபிளும் இறங்கிப் பின்சக்கரத்தின் பக்கம் வளைந்து தொங்கும். காலர் அருகில், அசையாத பகுதியில் கேபிள் இணையும் வகையே மேலானது. துளையில்லாத ஃபிரேமில் துளையிட்டுக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூடாது, சீட் ட்யூபின் அடிப்பகுதி அழுத்தம் மிகுந்த இடம், அங்கே நாமே போடும் துளை விரிசலுக்குத் தொடக்கமாகிவிடும்.

கேபிளா, ஹைட்ராலிக்கா, கம்பியில்லா மின்முறையா என்ற கேள்வியில் என் தீர்ப்பு கேபிளின் பக்கம். ஹைட்ராலிக் லீவரின் அழுத்தம் மென்மையானதுதான், ஆனால் காற்று புகுந்தால் எண்ணெயை மாற்றிக் காற்றை நீக்க வேண்டும். குழாயைக் கழற்றாமல் போஸ்ட்டை வெளியே எடுப்பதும் எளிதன்று. 2019இல் வந்த ரெவெர்ப் ஏஎக்ஸ்எஸ் போன்ற கம்பியில்லா போஸ்ட்டுகளைச் சில நிமிடங்களில் பொருத்திவிடலாம், ஹவுசிங் வேலையே கிடையாது. விலை மட்டும் பல கேபிள் போஸ்ட்டுகளைவிட மிக அதிகம், மின்கலத்தையும் நினைவாகச் சார்ஜ் செய்ய வேண்டும். கேபிள் போஸ்ட்டுக்கு வேண்டியதோ சாதாரண கியர் கேபிளும் கியர் ஹவுசிங்கும்தான். எந்த ஊர்ச் சைக்கிள் கடையிலும் அவை கிடைக்கும், அறுந்தால் வீட்டிலேயே மாற்றலாம். இதோடு, கார்ட்ரிட்ஜைத் தனியாக வாங்கி மாற்ற முடிகிற மாடலாகப் பார்த்து எடுங்கள். நான் எடுத்தது அப்படிப்பட்ட ஒரு நடுத்தர விலைப் போஸ்ட்.

லீவரில் கொஞ்சம் தாராளமாகச் செலவழிக்கலாம். போஸ்ட்டோடு இலவசமாக வரும் லீவர்கள் சிலவற்றில் அழுத்தும் பரப்பு சிறியது, பேரிங்கும் இருக்காது. கியர் லீவரைப் போலப் பாருக்கு அடியில் உட்கார்ந்து, கட்டைவிரல் பிடியைவிட்டு விலகாமல் முன்னோக்கித் தள்ளும் வகையைத் தேர்ந்தெடுங்கள். முன்பக்கக் கியர் லீவர் இன்னும் இருக்கிற சைக்கிளில் மட்டும் பாருக்கு மேலே உட்காரும் வகை தேவைப்படும்.

இனி பொருத்தும் வேலை. தொடங்குவதற்கு முன், பெடல் தண்டுகள் சுழலும் அச்சுப்பகுதியான பாட்டம் பிராக்கெட்டின் நடுவிலிருந்து இருக்கையின் மேற்பரப்புவரை உள்ள உயரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இறுதியில் திரும்ப வேண்டிய எண் அதுதான். பழைய போஸ்ட்டை எடுத்தபின் சீட் ட்யூபின் உள்பக்கத்தைத் துணி சுற்றிய குச்சியால் நன்றாகத் துடைக்க வேண்டும். இங்கிலாந்தின் குளிர்காலச் சேறு ட்யூபின் அடியில் ஈரமாகவே தங்கியிருக்கும், அந்த மணல் புதிய போஸ்ட்டைக் கீறும். கேபிள் இல்லாமலேயே போஸ்ட்டை ஒருமுறை உள்ளே விட்டு, வேண்டிய ஆழத்துக்கு முரண்டாமல் போகிறதா என்று பார்ப்பது நல்லது. கணக்கில் பிழை இருந்தால், பொருளைத் திருப்பி அனுப்பக்கூடிய நிலையில் இருக்கும்போதே அது தெரிந்துவிடும்.

ஹவுசிங்கை ஃபிரேமுக்குள் ஓட்டுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். லீவர் இடப்பக்கம் இருப்பதால், ஃபிரேமின் முன்முனையில் உள்ள ஹெட் ட்யூபைச் சுற்றி வந்து வலப்பக்கத் துளையில் நுழைந்தால் வளைவு அகலமாக அமையும். கேபிளுக்குப் பகை கூர்மையான வளைவு. லீவர் கனமாக இருக்கிறது என்று புலம்புகிற பல சைக்கிள்களில் குறை போஸ்ட்டில் இருக்காது, வளைவில்தான் இருக்கும். அங்கிருந்து கீழே சாய்ந்து இறங்கும் டவுன் ட்யூபில் விட்ட ஹவுசிங் பாட்டம் பிராக்கெட் அருகே சீட் ட்யூபுக்குள் திரும்ப மறுத்தால் மூன்று வழிகள் உள்ளன. பார்க் டூல் போன்ற நிறுவனங்கள் விற்கும் காந்தக் கருவியால் வெளியிலிருந்தே வழிநடத்தலாம். சீட் ட்யூபின் மேலிருந்து பழைய கியர் கேபிளை விட்டுத் துளைவழியாக வெளியே எடுத்து, அதன்மேல் ஹவுசிங்கைக் கோத்துத் தள்ளலாம். இரண்டும் பலிக்கவில்லையென்றால், நூலின் நுனியில் சிறிய பஞ்சுத் துண்டைக் கட்டி ஒரு முனையில் விட்டு, மறுமுனையில் வேக்குவம் கிளீனரால் இழுக்கலாம். கடைசி முறை விளையாட்டுபோலத் தோன்றினாலும் மிக நன்றாக வேலை செய்கிறது. பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றினால் இடம் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதைக் கடைசிக்கு வையுங்கள்.

கேபிளின் உருண்டைத் தலை எந்த முனையில் இருக்க வேண்டும் என்பது போஸ்ட்டைப் பொறுத்தது. சிலவற்றில் தலை லீவரில் அமர்ந்து, மறுமுனை போஸ்ட்டின் அடியில் சிறு உருளையில் திருகால் பிடிக்கப்படும்; அந்த வகையில் ஹவுசிங் முனையிலிருந்து உருளைவரை உள்ள நீளம் கையேட்டில் சொன்ன அளவிலேயே இருக்க வேண்டும், சில மி.மீ. பிசகினாலும் வால்வு முழுவதும் திறக்காது அல்லது முழுவதும் மூடாது. மற்றவற்றில் தலை போஸ்ட்டின் அடியில் அமரும், லீவரில் திருகால் பிடிப்போம். இரண்டாவது வகையையே நான் விரும்புகிறேன். இழுவையைச் சரிசெய்யப் போஸ்ட்டை வெளியே எடுக்க வேண்டியதில்லை, வெளியே நிற்கும் மிச்சத்தைக் கடைசியில் வெட்டிவிடலாம்.

ஹவுசிங்கின் நீளத்தை நிர்ணயிக்க அவசரப்படக் கூடாது. உள்ளே கேபிள் இல்லாமல் ஹவுசிங்கை மட்டும் போஸ்ட்டில் இணைத்து, போஸ்ட்டை இறுதி உயரத்துக்கு இறக்குங்கள். இறக்கும்போது மற்றொருவர் முன்பக்கத்தில் ஹவுசிங்கை அதே வேகத்தில் மெல்ல இழுத்துக்கொண்டே வர வேண்டும், இல்லையென்றால் அது ட்யூபுக்குள் மடிந்து நொறுங்கும். பிறகு ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பிப் பார்த்து, எந்தப் பக்கமும் இறுகாத நீளத்தில் டேப்பால் அடையாளம் போடுங்கள். மறுபடி போஸ்ட்டை வெளியே எடுத்து, கூர்மையான கேபிள் வெட்டியால் ஹவுசிங்கை வெட்டி, உள்ளிருக்கும் பிளாஸ்டிக் குழாயின் நசுங்கிய வாயை ஊசியால் விரித்துவிட்டு, முனைத்தொப்பிகளைப் போட்டு, கேபிளைச் செலுத்தி, இரண்டாம் முறை இறக்க வேண்டும். இரட்டை வேலை போலத் தெரியும். ஒரே முறையில் முடிக்க நினைத்துக் கண்ணளவில் வெட்டுவதைவிட இது குறைந்த நேரத்தையே எடுக்கும்.

சீட் ட்யூபுக்கும் போஸ்ட்டுக்கும் இடையில் எதைத் தடவுவது என்பதில் குழப்பம் வேண்டாம். ஸ்டீல் ஃபிரேமில் அலுமினிய போஸ்ட் நாளடைவில் அரித்து ஒட்டிக்கொள்ளக்கூடும், ஆகவே மெல்லிய கிரீஸ் பூச்சு அவசியம். கார்பன் ஃபிரேமில் கிரீஸ் கூடாது. நுண்ணிய துகள்கள் கலந்த கார்பன் பேஸ்ட்தான். உலோக ஃபிரேமிலும் போஸ்ட் மெல்லக் கீழே நழுவினால், கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் மட்டும் கிரீஸைத் துடைத்துவிட்டு அந்தப் பேஸ்ட்டைத் தடவலாம். போல்ட்டை மேலும் மேலும் முறுக்குவது இதற்கு மருந்தன்று.

அந்தப் போல்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மந்தமான டிராப்பர் போஸ்ட்டுகளுக்குப் பெரிய காரணம் அதுதான். சாதாரண சீட் போஸ்ட் திடமான குழாய். எவ்வளவு இறுக்கினாலும் உள்ளே அசையும் பகுதி எதுவும் கிடையாது. டிராப்பரில் கிளாம்ப் பிடிக்கும் சுவருக்குள்ளேயே மற்றொரு குழாய் மிக நெருக்கமாக வழுக்கிக்கொண்டிருக்கிறது. இறுக்கம் கூடினால் வெளிச்சுவர் இம்மியளவு நசுங்கி, உள்குழாயைப் பிடித்துக்கொள்ளும். இருக்கை தயங்கித் தயங்கி ஏறும், அல்லது பாதியில் நின்றுவிடும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 4 நியூட்டன் மீட்டரில் தொடங்கி, ஃபிரேமிலும் போஸ்ட்டின் கையேட்டிலும் எழுதியிருக்கும் எண்களில் சிறியதைத் தாண்டாமல் இறுக்குங்கள். இறுக்குவதற்கு முன் லீவரை அழுத்தி இருக்கை ஏறும் வேகத்தைக் கவனியுங்கள், இறுக்கிய பின் மறுபடியும் கவனியுங்கள். வேகம் குறைந்திருந்தால் போல்ட்டைக் கால்வாசித் திருப்பம் தளர்த்த வேண்டும். போஸ்ட் ஏறவில்லை என்று கார்ட்ரிட்ஜையே மாற்ற நினைக்கிறவர்கள் முதலில் இந்த ஒரு போல்ட்டைத் தளர்த்திப் பார்த்தால் போதும், பல நேரங்களில் செலவு மிச்சமாகும்.

கேபிளின் இழுவையை லீவரில் உள்ள பேரல் அட்ஜஸ்டர் என்ற திருகால் சரிசெய்யலாம். லீவரை அழுத்தத் தொடங்கும்போது 1 அல்லது 2 மி.மீ. வெற்றசைவு இருந்து, அதன்பின் இழுவை தொடங்க வேண்டும். வெற்றசைவே இல்லையென்றால் வால்வு முழுவதும் மூடாமல், உட்கார்ந்து ஓட்டும்போதே இருக்கை மெல்ல இறங்கும். அதிகமானால் இருக்கை மந்தமாக ஏறும். புதிய கேபிள் முதல் சில ஓட்டங்களில் படிந்து தளரும் என்பதால் அப்போது ஒருமுறை திருத்த வேண்டியிருக்கும். இருக்கையைப் பொருத்தும்போது முன்போல்ட்டையும் பின்போல்ட்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். கடைசியில், குறித்து வைத்த உயரம் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஓட்டத்தில் பழக வேண்டியது ஒன்று உண்டு. லீவரை அழுத்தியதும் இருக்கை தானாக இறங்காது. ஒரு நொடி உட்கார்ந்து எடையால் அழுத்தி, லீவரை விட்டு, எழ வேண்டும். இறக்கம் தொடங்கிய பிறகு இதைச் செய்ய முயன்றால் கவனம் சிதறும். சரிவு தெரிந்தவுடனேயே இறக்கிவிடுவது பழக்கமாக வேண்டும். முழு இறக்கமும் எல்லா இடத்திலும் தேவையில்லை: வேர்கள் நிறைந்த சமதளத்தில் 40 அல்லது 50 மி.மீ. மட்டும் இறக்கி வைத்தால் உட்கார்ந்து மிதிக்கவும் முடியும், சைக்கிளை அடியில் ஆடவிடவும் முடியும். இந்த இடைநிலைப் பயனை விளம்பரங்கள் சொல்வதில்லை. நான் அதையே அதிகம் பயன்படுத்துகிறேன்.

பராமரிப்பு எளியது. ஓட்டம் முடிந்ததும் மேல்குழாயில் படிந்த சேற்றைத் துடைக்க வேண்டும், அழுத்த நீரைச் சீலின்மேல் நேராகப் பாய்ச்சக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறையோ சேறு அதிகமானால் இருமுறையோ காலரைத் திறந்து, பழைய கிரீஸைத் துடைத்து, சஸ்பென்ஷன் ஃபோர்க்குகளுக்கான மெல்லிய கிரீஸைத் தடவ வேண்டும். வேலைத் தாங்கியில் சைக்கிளை மாட்டும்போது பளபளக்கும் மேல்குழாயைப் பிடிக்கவைக்கக் கூடாது. அங்கே விழும் ஒரு கீறல் சீலைக் கிழித்துக்கொண்டே இருக்கும். இருக்கை இறங்கிய நிலையில் இருக்கும்போது அதைப் பிடித்துச் சைக்கிளைத் தூக்குவதையும் தவிருங்கள், சில வகைப் போஸ்ட்டுகளில் அதனால் எண்ணெய்ப் பக்கத்துக்குள் வாயு நுழைந்து, இருக்கை பஞ்சுபோல அமுங்கத் தொடங்கும். ஜெர்மனியின் பைக்யோக் நிறுவனம் தன் ரிவைவ் போஸ்ட்டில் இந்த வாயுவை ஆலன் சாவியால் ஒரு திருப்பில் வெளியேற்றும் வால்வை வைத்திருக்கிறது. எல்லாப் போஸ்ட்டிலும் அந்த வசதி கிடையாது.

நீண்ட டிராப்பர்கள் வந்த பிறகு ஃபிரேம் செய்பவர்களும் சீட் ட்யூபைக் குட்டையாக்கத் தொடங்கிவிட்டார்கள், போஸ்ட் எவ்வளவு ஆழம் போகும் என்ற எண்ணையும் சிலர் அளவுப் பட்டியலிலேயே அச்சிடுகிறார்கள். அடுத்த ஃபிரேமுக்கு நான் முதலில் பார்க்கப்போவது அந்த இரண்டு எண்களைத்தான். சீட் ட்யூப் 390 மி.மீ. ஆக இருந்தால் எனக்குக் கிளாம்ப்புக்கு மேலே 225 மி.மீ. கிடைக்கும். 40 மி.மீ. ஸ்டாக் உயரமுள்ள 180 மி.மீ. போஸ்ட் அதற்குள் அடங்கும், ஆனால் அந்தப் போஸ்ட்டும் கேபிளும் இறங்க உள்ளே ஏறக்குறைய 280 மி.மீ. நேரான இடம் இருக்க வேண்டும். குட்டையான ட்யூபில் அந்த ஆழம் இருக்கிறதா என்பதைப் பட்டியலில் காணவில்லையென்றால், பழைய சீட் போஸ்ட்டைக் கடைக்கே எடுத்துச் சென்று அளந்துவிட்டுத்தான் பணம் கொடுப்பேன்.